மச்சினன் பெயரில் துடித்த நெஞ்சு

மருத்துவமனையில் ஏழு நாள் படுத்திருந்து வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போதுதான் வலது கை விட்டுவிடுமோ என்ற பயம் போயிருக்கிறது. கை பேனா பிடிக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேச வராது. பேருந்தில் இறங்கும்போது மணியை வேறு யாராவது அமுக்கமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்து, சில நாள் ஒரு நிறுத்தம் தள்ளிப்போய் இறங்கியிருக்கிறேன். மாதா கோயிலில் பலரும் "என்ன ஆச்சு அருளப்பன்?" என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்ல, சின்ன ஸ்ட்ரோக்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். நடந்தது அவ்வளவு மட்டும் இல்லை. கேட்டவர்களுக்கும், கையில் வாட்ச் கட்டிக்கொண்டு அடிக்கணக்குப் பார்த்து நடக்கிறவர்களுக்கும் மீதியைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

எனக்கு வேலை சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு மளிகைக் கடையில். காலை ஆறு மணிக்குப் போனால், டிராலியில் வெங்காய மூட்டை, அரிசி, எண்ணெய் டின் எல்லாம் ஏற்றி, பஃபலோ ரோடு, ரேஸ் கோர்ஸ் ரோடு என்று உணவுக்கடைகளின் பின்வாசலுக்குக் கொண்டுபோய் இறக்குவேன். முப்பது வருடமாக இதுதான். உட்காருவது மத்தியானம் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம், கடைக்குப் பின்னால் சந்தில், கவிழ்த்துப்போட்ட பழப்பெட்டி மேல்.

இப்படி நடக்கிறவன் என்பதால்தான் அந்த வாட்ச் என் கைக்கு வந்தது.

சேவியர் என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி. கிளமெண்டியில் இருக்கிறான். பட்டம் படித்தவன், பெரிய அலுவலகத்தில் வேலை. எங்கள் வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதம் எதுவானாலும் அவன்தான் வாசித்துச் சொல்லுவான். வீவக என்கிற வீட்டு வாரியக் கடிதம், மகளின் பள்ளிக் கடிதம், வரிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் கேன்டீனில் கோப்பி வாங்கிக் கொடுத்து டின்னைத் திறப்பேன். இருபது வருடமாக அப்படி. மகள் ரெஜினா படித்து வேலைக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சேவியர் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அதையும் சொல்லவேண்டும்.

இந்த வருடம் அவனுடைய அலுவலகத்தில் ஒரு போட்டி. நாலு நாலு பேராகக் குழு. எல்லோருக்கும் ஒரு வாட்ச். மூன்று மாதத்தில் எந்தக் குழு அதிக அடி நடக்கிறதோ அதற்குப் பரிசு.

"நான் எங்க அத்தான் நடக்கிறது? காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மீட்டிங். நீங்க சும்மா கட்டிக்கிட்டு உங்க வேலையைப் பாருங்க. மிச்சத்தை அது பார்த்துக்கும்" என்றான்.

"வேண்டாம்" என்ற சொல் எனக்கு எப்போதும் தொண்டை வரைக்கும்தான் வரும். அவனே என் இடது கையை எடுத்துக் கட்டிவிட்டான். கறுப்பு ரப்பர் பட்டை. குளிக்கும்போதும் கழற்றவேண்டாம் என்றான். வெள்ளிக்கிழமை மட்டும் சார்ஜ் போடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவனுடைய போனுக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த வாரத்துக் கணக்கு முழுவதும் போனில் இறங்கிவிடும்.

"இன்னொண்ணு. நீங்க ரொம்ப நேரம் அசையாம உட்கார்ந்தா இது கையில உதறும். எழுந்து நடன்னு அர்த்தம். பயப்படாதீங்க. ரெண்டு ரவுண்டு நடந்துட்டு வந்துடுங்க."

நான் சொன்னதைக் கேட்கிற ஆள். கேட்டேன்.

ஒவ்வொரு ஞாயிறும் சேவியர் அந்த வாரக் கணக்கைப் படம் பிடித்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவான். 'அத்தான் மறுபடியும் ஃபர்ஸ்ட்!' என்று எழுதுவான். எல்லோரும் கைதட்டும் பொம்மை போடுவார்கள். நான் எதிலும் முதலாவது வந்தது கிடையாது. பொய் என்று தெரியும். அவனுடைய அலுவலகத்தை ஏமாற்றுகிறோம் என்றும் தெரியும். ஆனாலும் அந்தப் பொம்மைகளை டாய்லெட்டில் உட்கார்ந்து இரண்டாம் முறை பார்ப்பேன்.

மூன்றாவது வாரமோ என்னவோ, மத்தியானம் பழப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தபோது நெஞ்சுக்குள் ஒரு மாதிரி இருந்தது. மீன் கடையில் உயிர் மீனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பார்களே, அது பைக்குள் துள்ளுமே, அப்படி. வலி இல்லை. கொஞ்ச நேரத்தில் கையில் வாட்ச் உதறியது. பார்த்தேன். சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் என்னமோ. சரி, உட்கார்ந்தது போதும் என்கிறது என்று எழுந்து, சந்துக்குள்ளேயே மேலும் கீழும் இரண்டு முறை நடந்தேன். தலை லேசாகச் சுற்றியது. வாயு என்று நினைத்து இஞ்சி டீ வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு பல நாள் அப்படி. மீன் துள்ளும். வாட்ச் உதறும். நான் எழுந்து நடப்பேன்.

ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு உணவுக்கடையின் பின்வாசலில் எண்ணெய் டின்னை இறக்கினேன். வலது கை அதை விட்டுவிட்டது. நான் விடவில்லை, கைதான் விட்டது. டின் காலுக்குப் பக்கத்தில் விழுந்து நசுங்கியது. சமையல்காரர் ஓடிவந்து, "என்னண்ணே ஆச்சு?" என்றார். 'ஒன்றுமில்லை' என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயிலிருந்து வந்தது எனக்கே புரியவில்லை.

"அண்ணே, வாய் ஒரு பக்கமா போகுது. உட்காருங்க, உட்காருங்க" என்று என்னை அரிசி மூட்டையில் சாய்த்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் போட்டது அவர்தான். அந்த நல்ல மனிதரின் பெயர்கூட எனக்கு அன்று வரை தெரியாது. மாணிக்கம்.

ஆம்புலன்சில் போகும்போதே பேச்சு திரும்ப வர ஆரம்பித்தது. அவசரப் பிரிவில் கையைத் தூக்கச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள், மூக்கைத் தொடச் சொன்னார்கள். தலைக்கு ஸ்கேன் எடுக்கவேண்டும் என்றார்கள். குடும்பத்தில் முதலில் வந்து சேர்ந்தது சேவியர். ஸ்டெல்லா ஈசூன் வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயில் பிடித்து வரவேண்டும். சேவியர் அலுவலகத்திலிருந்து டாக்சியில் வந்துவிட்டான். சட்டையெல்லாம் வேர்வை.

"அத்தான், பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல" என்று என் கையைப் பிடித்தான். பிடித்த கையாலேயே வாட்ச்சைக் கழற்றினான். "ஸ்கேனுக்கு இது ஆகாது" என்று சொல்லிப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டான். எவ்வளவு அக்கறை என்று எனக்குக் கண்ணீர் வந்தது.

நடந்ததை டாக்டர் பிறகு விளக்கினார். மூளைக்குப் போகும் ஒரு சின்னக் குழாயை ரத்தக்கட்டி கொஞ்ச நேரம் அடைத்து, தானாகவே கரைந்துவிட்டது. மினி ஸ்ட்ரோக் என்கிறார்கள். எனக்கு இருபது நிமிடத்தில் சரியாகிவிட்டதால் பலருக்கும் இது ஒன்றும் பெரிதில்லை என்று தோன்றும். அப்படி இல்லையாம். பெரியது வருவதற்கு முன் தட்டுகிற தட்டாம். அடுத்தது வந்தால் கை போகலாம், பேச்சு போகலாம், ஆளே போகலாம். ஆகவே அந்தக் கட்டி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவேண்டும். மாத்திரை அதைப் பொறுத்தது.

கழுத்துக் குழாய்களை ஸ்கேன் செய்தார்கள், சுத்தம். எம்ஆர்ஐ என்ற குழாய்க்குள் படுக்கவைத்தார்கள். உள்ளே ரோடு உடைக்கிற சத்தம். நான் செபமாலையை விரல்களிலேயே எண்ணினேன். நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லி தடவி இதயத்தைத் திரையில் பார்த்தார்கள், பம்ப் நன்றாக இருக்கிறதாம். நெஞ்சில் ஒட்டுகளை ஒட்டி வயர் போட்டு, இரவும் பகலும் துடிப்பை டிவி மாதிரி ஒன்றில் ஓடவிட்டார்கள். மூன்று நாள் அது ஒழுங்காக ஓடியது. மீன் வரவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி முன்னால் ஒழுங்காக இருப்பது போல என் நெஞ்சு அவர்கள் முன்னால் ஒழுங்காக இருந்தது.

வார்டில் எட்டுக் கட்டில், மின்விசிறி. ஸ்டெல்லா தினமும் பிளாஸ்கில் ரசம் கொண்டுவருவாள். ரெஜினா வேலை முடிந்து வந்து என் கால் நகங்களை வெட்டிவிட்டாள். பில்லைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் மெடிசேவ் சேமிப்புல போகும் டாடி, நீங்க கால ஆட்டாம இருங்க" என்றாள். முதலாளி ஒரு கூடை ஆப்பிள் அனுப்பினார். கடையில் நானே எடுத்து அடுக்கிய ஆப்பிள்தான். ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் தெரிந்தது. இரவில் மட்டும் பயம். கண்ணை மூடினால் கை போய்விடும் என்று போர்வைக்குள் வலது கையை மூடி மூடித் திறந்துகொண்டிருப்பேன்.

சனிக்கிழமை மத்தியானம் டாக்டர் வந்தார். சீனப் பெண், சின்ன வயது, பொறுமையானவர். எனக்கு ஆங்கிலம் காதால் கேட்டால் முக்கால்வாசி புரியும், வாசிக்க வராது, பேச வெட்கம். பக்கத்தில் சேவியர் நின்றான். வழக்கம்போல அவன்தான் எனக்காகப் பேசினான்.

டாக்டர் சொன்னது இது. சில பேருக்கு இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும். அதற்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். நடுங்கும்போது ரத்தம் தேங்கிக் கட்டியாகும். கட்டி மூளைக்குப் போகும். ஆனால் இந்த நடுக்கம் வந்து வந்து போகும். மூன்று நாள் பார்த்ததில் பிடிபடவில்லை என்றால் இல்லை என்று ஆகாது. இருப்பது தெரிந்தால் ரத்தம் உறையாமல் இருக்கத் தனி மாத்திரை உண்டு. தெரியாமல் அதைக் கொடுக்கமுடியாது, ரத்தக்கசிவு ஆபத்து இருக்கிறது. அதனால் இப்போதைக்குச் சாதாரண மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பலாம், நீண்ட நாள் பார்க்கும் பரிசோதனையைப் பின்னால் ஒரு தேதிக்கு வைக்கலாம் என்று யோசிக்கிறார்கள்.

பிறகு கேட்டார்: "நெஞ்சு படபடப்பு உண்டா? இவர் ஸ்மார்ட் வாட்ச் ஏதாவது கட்டுவாரா? சில வாட்ச்சில் இது பதிவாகும். அதை நம்பி மாத்திரை தரமாட்டோம். ஆனால் எதைத் தேடவேண்டும், எவ்வளவு அவசரமாகத் தேடவேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்."

நான் வாயைத் திறப்பதற்குள் சேவியர் சொன்னான்: "நோ டாக்டர். ஹி டஸ்ன்ட் யூஸ் தீஸ் திங்ஸ்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் போர்வையைப் பார்த்தேன்.

அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்தவன் வாட்ச்சைக் கட்டி ஏமாற்றியது வெளியே தெரிந்துவிடாமல் என் மானத்தைக் காப்பாற்றுகிறான் என்றே நினைத்தேன். மானத்துக்குப் பயந்து உயிரைப் பற்றிப் பேசாமல் இருந்தேன். அந்தத் தப்பு என்னுடையது. அதை அவன் தலையில் போடமாட்டேன்.

மறுநாள் ஞாயிறு. கலைவாணி என்ற நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்க வந்தது. ஜோகூரிலிருந்து தினமும் எல்லைப் பாலம் தாண்டி வருகிற பெண். என் இடது கையைத் திருப்பிப் பார்த்தது. வெயிலில் கறுத்த கையில் பட்டை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"அங்கிள், வாட்ச் கட்டறதில்லனு ஃபைல்ல எழுதியிருக்கு. இது என்ன, வளையல் போட்டிருந்தீங்களா?"

நான் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"நான் போலீஸ் இல்ல லா அங்கிள். ஆனா கட்டியிருந்தா சொல்லிடுங்க. உங்களுக்குத்தான் நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனது.

மத்தியானம் ஸ்டெல்லாவும் ரெஜினாவும் பூசை முடிந்து நேராக வந்தார்கள். ஸ்டெல்லா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"என்னங்க, ஒரு கூத்து. கோயில்ல அந்தோணி அண்ணன் கையில உங்க வாட்ச். எப்படிண்ணே உங்ககிட்டனு கேட்டா, சேவியர் தம்பி வியாழக்கிழமை வந்து கட்டிவிட்டுப் போச்சுங்கிறார். தினமும் கோயிலைப் பெருக்கித் துடைக்கிற ஆளு, நல்லா நடக்கிறாராம்."

அந்தோணி அண்ணன் எங்கள் கோயிலைப் பராமரிக்கிறவர். எனக்கு வாய் கோணியது புதன்கிழமை. வியாழக்கிழமை வாட்ச் அடுத்த கைக்குப் போய்விட்டது. டிராலியில் சக்கரம் உடைந்தால் நாங்களும் அப்படித்தான் அன்றைக்கே மாற்றுவோம்.

ரசத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டேன். இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் துள்ளியது, வாட்ச் உதறியது, எழுந்து நடந்தது, டாக்டர் கேட்டது, சேவியர் சொன்ன பதில்.

ரெஜினா அதிகம் பேசாத பெண், என்னைப் போல. போனை எடுத்து குடும்பக் குழுவில் இருந்த ஞாயிற்றுக்கிழமைப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். விரலால் பெரிதாக்கினாள். கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டாடி, மூணாவது வாரப் படத்துல கீழ சின்னதா ஒரு லைன் இருக்கு. ஒழுங்கில்லாத இதயத் துடிப்பு, ரெண்டு எச்சரிக்கை, டாக்டரைப் பாருங்கன்னு போட்டிருக்கு. நாலாவது வாரம் அஞ்சு எச்சரிக்கை." அவள் குரல் உடைந்தது. "நான் இதுக்குக் கைதட்டிருக்கேன் டாடி."

"நானும்தான்டி தட்டினேன்" என்றாள் ஸ்டெல்லா. "அப்புறம்? அஞ்சாவது வாரம்?"

ரெஜினா ஐந்தாவது படத்தைத் திறந்தாள். ஆறாவது. ஏழாவது. பிறகு நாலாவதுக்குத் திரும்பினாள். போனை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

முதல் நாலு படமும் நீளமாக இருந்தன. ஐந்தாவதிலிருந்து எல்லாப் படமும் கட்டை. அடிக்கணக்குக்குக் கீழே வெட்டப்பட்டிருந்தது.

ஸ்டெல்லா போனை வாங்கி இரண்டையும் பார்த்தாள். பிறகு சொன்னாள். "தெரியாம விட்டிருந்தா வெட்டியிருக்க மாட்டான்."

திங்கட்கிழமை மத்தியானம் சேவியர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். ரெஜினா லீவு போட்டிருந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. நாலாவது, ஐந்தாவது வாரப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அவன் ஆரஞ்சுப் பையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தான். பிறகு எடுத்து மேசையில் வைத்தான்.

"அது... இந்த வாட்ச்செல்லாம் சும்மா சும்மா அப்படிக் காட்டும்மா. மலிவு வாட்ச்."

"அப்ப ஏன் மாமா வெட்டினீங்க?"

"எல்லாரும் பயப்படுவாங்கன்னு..."

"யாரு பயப்படுவாங்க?" என்றாள் ஸ்டெல்லா. "எனக்குப் பயப்படத் தெரியாதா? நான் பயந்தா இவரைத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடியிருப்பேன். அதுக்குப் பேருதான்டா பயம்."

"அக்கா, மெதுவா. வார்டு இது."

"ஊருக்கே வாசிச்சுச் சொல்றவன். கோயில்ல பைபிள் வாசகம் வாசிக்கிறவன். இந்த ஒரு வரியை வாசிக்க உனக்கு வாய் வரலையா?"

அவன் என்னைப் பார்த்தான். அத்தான் ஒன்றும் கேட்கமாட்டார், பேச்சு இதோடு நின்றுவிடும் என்று பழகிய கண். அன்று நான் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

"எப்ப தெரியும் சேவியர்?"

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "அஞ்சாவது வாரம் அத்தான். கேன்டீன்ல. போன்ல இறங்கினப்ப ஒண்ணா ஆறு எச்சரிக்கை வந்துச்சு. நீங்க எதிர்லதான் உட்கார்ந்திருந்தீங்க." தலையைக் குனிந்துகொண்டான். "எல்லாம் என் பேர்ல வருது. என் பேர்ல ஹார்ட் பிராப்ளம்னு ஆயிட்டா, புது இன்சூரன்ஸ் போட்டிருக்கேன், அது நின்னு போயிடும். உங்ககிட்ட சொன்னா நீங்க டாக்டர்கிட்ட போவீங்க, டாக்டர் யாரு வாட்ச்னு கேட்பாங்க. இன்னும் கொஞ்ச வாரம்தானே, போட்டி முடிஞ்சதும் உங்களை செக்அப் கூட்டிட்டுப் போகலாம்னு நினைச்சேன். சத்தியமா நினைச்சேன்."

எனக்கு அந்தக் கேன்டீன் ஞாயிறு ஞாபகம் வந்தது. அவன் போனைப் பார்த்தான். நான் பிஸ்கட் டின்னிலிருந்து கடிதங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். "என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன். "சூப்பர் அத்தான், ஃபர்ஸ்ட்" என்று சொல்லிவிட்டு என் தோளில் தட்டினான். பிறகு அதே வாயால் தண்ணீர் பில் பற்றிய கடிதத்தை எனக்கு முழுவதுமாக வாசித்துச் சொன்னான்.

"மாமா, போன்ல இருக்கிற மத்த வாரத்தையும் காட்டுங்க. டாக்டருக்கு நாள், நேரம் எல்லாம் வேணும்" என்றாள் ரெஜினா.

"இல்லம்மா. ரீசெட் பண்ணிட்டேன். அந்தோணி அண்ணனுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னால."

ஸ்டெல்லா ஆரஞ்சுப் பையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "கிளம்பு."

செவ்வாய் காலை டாக்டர் சுற்றி வந்தார். கூடவே படிக்கிற பிள்ளைகள் ஐந்தாறு பேர் நோட்டுப் புத்தகத்தோடு. ரெஜினா பத்து மணிக்குத்தான் வருவாள். அவளுக்காகக் காத்திருக்கலாம். ஆனால் டாக்டர் ஃபைலைப் பார்த்து, "நாளை வீட்டுக்குப் போகலாம், மிஸ்டர் அருளப்பன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

எனக்குப் பேருந்து மணி ஞாபகம் வந்தது. யாரும் அமுக்கப்போவதில்லை.

"டாக்டர்" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். காது சுட்டது. "ஐ... சாட்டர்டே, ஐ நெவர் டெல் ட்ரூ. ஐ வேர் வாட்ச். எவ்ரிடே. வாட்ச் நாட் மை நேம். பட் ஹார்ட்..." நெஞ்சில் கை வைத்தேன். "திஸ் ஒன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தூரத்தில் மருந்து வண்டியோடு நின்ற கலைவாணி அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தது. தமிழில் சொன்னேன், அது எடுத்துச் சொன்னது. ரெஜினா என் போனுக்கு அனுப்பிவைத்த மூன்றாவது, நாலாவது வாரப் படங்களைக் காட்டினேன். அடுத்தவர் வாட்ச் கட்டியதற்கு டாக்டர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எந்த நேரத்தில் நெஞ்சு துள்ளும்? மத்தியானம், உட்கார்ந்திருக்கும்போது. எவ்வளவு நேரம்? ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம், சில நாள் அதைவிடக் கூடுதல். வாட்ச்சை வேறு யாராவது கட்டினார்களா? புதன்கிழமை வரை நான் மட்டும், பிறகு வேறு ஒருவர். உதறியபோது என்ன செய்தீர்கள்?

"நடந்தேன்" என்றேன்.

கலைவாணி அதை ஆங்கிலத்தில் சொல்லுவதற்கு முன் ஒரு நொடி என்னைப் பார்த்தது. டாக்டரும் எழுதுவதை நிறுத்தினார்.

பிறகு விளக்கினார். இந்த வகை வாட்ச் ஆள் அசையாமல் இருக்கும்போதுதான் துடிப்பை நன்றாகப் பார்க்குமாம். நான் பழப்பெட்டியில் உட்கார்ந்த அரை மணி நேரத்தில்தான் அதற்கு என் நெஞ்சு கேட்டிருக்கிறது. படத்தில் இருப்பது நோய் என்பதற்குச் சாட்சி இல்லை, சந்தேகம் மட்டும்தான். ஆனால் வலுவான சந்தேகம். ஆகவே பின்னால் ஒரு தேதி என்ற பேச்சு இல்லை. நாளைக்கே நெஞ்சில் ஒரு பட்டை ஒட்டி இரண்டு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்றார். அந்த இரண்டு சின்ன வரிகள் இல்லாவிட்டால் நான் சாதாரண மாத்திரையோடு போய், மறுபடியும் டிராலி தள்ளியிருப்பேன்.

பட்டையில் என் பெயர் எழுதியிருந்தது. என் பெயர், என் அடையாள எண். ஒட்டிய ஒன்பதாவது நாள், வீட்டில் சோபாவில் சாய்ந்திருந்தபோது மீன் துள்ளியது. இந்த முறை நான் எழுந்து நடக்கவில்லை. அசையாமல் இருந்து, சொல்லிக்கொடுத்தபடி பட்டையின் நடுவில் இருந்த பொத்தானை அமுக்கினேன். இரண்டு வாரம் முடிந்து பட்டையைத் திருப்பிக் கொடுத்த நாலாம் நாள் டாக்டர் கூப்பிட்டார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான். அன்றைக்கே மாத்திரை மாறியது. இப்போது காலையும் இரவும் ஒவ்வொன்று. ஷேவ் செய்யும்போது வெட்டிக்கொண்டால் ரத்தம் நிற்க நேரமாகிறது, அவ்வளவுதான். நாடியை இரண்டு விரலால் பிடித்து ஒரு நிமிடம் எண்ணக் கலைவாணி சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஒழுங்கு தப்பினால் நாள், நேரம் எழுதி வைக்கிறேன். அந்தத் தாளைப் பார்த்து டாக்டர் போன மாதம் துடிப்பைக் கட்டுப்படுத்தும் இன்னொரு மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

போன ஞாயிறு சேவியர் வீட்டுக்கு வந்தான். ஸ்டெல்லா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவனுடைய குழுவுக்கு இரண்டாம் பரிசு கிடைத்ததாம். அவனே சொன்னான், பிறகு ஏன் சொன்னோம் என்பது போலக் கையைப் பிசைந்தான். பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துப் பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில் வைத்தான். புது வாட்ச். விலை உயர்ந்தது போலத் தெரிந்தது.

"நல்ல வாட்ச் அத்தான். இது ஈசிஜியே எடுக்கும். உங்க பேர்லயே போட்டுத் தரேன்" என்றான். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை. பெட்டியைப் பிரித்து வாட்ச்சை வெளியே எடுத்தான். என் போனை வாங்கிக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தான். பிறகு பழக்கதோஷத்தில் சொன்னான்:

"உங்க போன் பழசு அத்தான், இதோட சேராது. பரவாயில்ல. என் போன்லயே இறக்கிக்கலாம். ஏதாவது வந்தா நான் சொல்றேன்."

சொல்லிவிட்டு என் இடது கையை எடுக்கக் கை நீட்டினான்.

"வேண்டாம்" என்றேன்.

அந்தச் சொல் அவ்வளவு சின்னது என்று எனக்கு ஐம்பத்தாறு வயது வரை தெரியாது. அவன் நீட்டிய கை அப்படியே நின்றது. நான் என் இடது மணிக்கட்டை மடியில் வைத்து, வலது கையின் இரண்டு விரலை நாடியில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். எண்ணி முடித்துத் தாளில் எழுதும்போது வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மேசையில் பெட்டி இல்லை.

எழுபத்திரண்டு. ஒழுங்காக இருந்தது.